மறு: ஆஸ்மீட்டீரியம் – ‘நாறுகவை’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சில வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் ஆபத்து வரும்போது வெளியே நீட்டும் வாடை உறுப்புக்கு ஆங்கிலத்தில் ஆஸ்மீட்டீரியம் (osmeterium) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன: துர்நாற்றக் கொம்பு, நாற்றச் சுரப்பி. மூன்றாவதாக ‘நாறுகவை’யை முன்வைக்கிறேன்.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடலாம். கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ மேயும் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுவைக் குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னால், முதல் மார்புக் கண்டத்தின் மேற்புறத்திலிருந்து செந்நிறத்தில் இரண்டு கிளைகள் பிதுங்கி வரும். கூடவே வாடையும் வரும். மற்ற நேரத்தில் அது உட்புறமாக மடிந்து தோலுக்கடியில் பை போலக் கிடக்கிறது. உடல் திரவத்தின் அழுத்தத்தால் புழு அதை வெளியே தள்ளுகிறது, ஆபத்து நீங்கியதும் தசைகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

அதனால்தான் ‘கொம்பு’ எனக்கு ஒப்பவில்லை. கொம்பு கெட்டியானது, எப்போதும் வெளியே நிற்பது. எள்ளுச் செடியில் காணும் பருந்து அந்துப்பூச்சிப் புழுவுக்கு வால் பக்கம் உண்மையாகவே கொம்பு இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம். ‘சுரப்பி’யோ மிகப் பொதுவானது. நெல்வயலில் கதிர்நாவாய்ப் பூச்சியை நசுக்கியவர்களுக்குத் தெரியும், அதற்கும் நாற்றச் சுரப்பி உண்டு.

இதற்குத் தனிச்சொல் ஏன் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எலுமிச்சை அழகி சேர்ந்த அழகிகள் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் தகைவிலான் குருவியின் வாலை வைத்துப் பெயர் (swallowtail). ஆனால் எலுமிச்சை அழகிக்கு வாலே கிடையாது, தென்னகப் பொன்னழகிக்கும் இல்லை. வாலை நம்பினால் இவற்றைக் குடும்பத்திலிருந்து வெளியேற்ற வேண்டியதுதான். புழுப் பருவத்தில் பார்த்தால் குழப்பமே இல்லை. இந்த உறுப்பு அழகிகளின் புழுக்களுக்கு மட்டுமே உரியது. ஒரு குடும்பத்தின் அடையாளமாக நிற்கும் உறுப்பைப் பொதுப்பெயரால் அழைத்துக் கடந்துபோகக் கூடாது.

அடுத்து, ‘துர்நாற்றக் கொம்பு’ என்பதிலுள்ள ‘துர்’. எலுமிச்சை அழகியின் புழு ஐந்து பருவங்களைக் கடக்கிறது. முதல் நான்கில் பறவை எச்சம் போன்ற தோற்றம், ஐந்தாவதில் இலைப்பச்சை. தோற்றத்தோடு சுரப்பும் மாறுகிறது. இளம் பருவங்களில் பெரும்பாலும் டெர்பீன்கள் என்னும் மணச் சேர்மங்கள், கடைசிப் பருவத்தில் ஐசோபியூட்டிரிக் அமிலம் போன்றவை. சிக்கு வாடை அந்த அமிலத்தால்தான். ஆக, ஒரே உறுப்பிலிருந்து இரண்டு வகை மணம். தவிர, அந்த வாடை முக்கியமாக எறும்பு போன்ற சிறு எதிரிகளுக்கானது, பறவைகளிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. நம் மூக்குக்குப் பிடிக்கவில்லை என்பதைக் கலைச்சொல்லில் ஏற்ற வேண்டியதில்லை. கிரேக்க மூலமும் வெறுமனே ‘மணம்’ என்றுதான் சொல்கிறது. நம் பழைய ‘நாறு’ம் அப்படியே, நறுமணத்துக்கும் அதுதான் வினை.

பாடநூலில் ‘நாறு’ என்றால் பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற தயக்கம் புரிகிறது. சிரிக்கட்டும், சொல் மறக்காது.

‘கவை’ கிளை பிரிந்த வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. கவைக்கோல் என்று இன்றும் புழங்குகிறோம். ‘நாறுகவை’ வினைத்தொகை என்பதால் சுருக்கமாகவும் இருக்கிறது, மேலும் சொற்களை ஒட்டவும் இடம் தருகிறது: நாறுகவைப் பை, நாறுகவைச் சுரப்பு. ‘துர்நாற்றக் கொம்புச் சுரப்பு’ என்று எழுதிப் பாருங்கள், வாயில் நுழையவில்லை.

அப்புறம், இதே குடும்பத்துக்காக இன்னொன்றையும் முடித்துவிடலாம். வேறொரு குடும்பத்து வண்ணத்துப்பூச்சியான வெந்தய வரியனின் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும். அழகிகளின் கூட்டுப்புழு தலை மேலே இருக்க, வால் நுனியைத் தண்டில் பதித்து, இடையைச் சுற்றிய ஒரு பட்டு இழையில் சாய்ந்து நிற்கும். அந்த இழைக்கு ‘அரைஞாண்’ என்றே வைக்கலாம் என்பது என் கருத்து. புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. ‘இடைக்கச்சு’ என்று முன்பு எழுதியவர் இதை ஏற்பாரா என்று அறிய ஆவல்.

இரண்டு சொற்களுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.