ஸ்பிதிக்கு ஷேர் ஜீப்புல போனப்ப பாத்தல்ங்கிற எடத்துல தங்குன ராத்திரி

இமாச்சல மலைக்குள்ள இருக்குற ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போக ஜீப்புக்கு ஆள் சேக்குறது எப்படின்னு காரைக்குடிப் பயலுக ரெண்டு மூணு பேரு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதனால எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுறேன்.

நாங்க மூணு பேரு. நான், என் தம்பி, தேவகோட்டைச் சித்தப்பா. சித்தப்பாவுக்கு 58 வயசு, சுகர் பிரஷர் எதுவும் கெடையாது, எங்களை விட வேகமா நடப்பாக. பல்லவன்ல மெட்ராஸ், அங்கேருந்து டெல்லி, அப்புறம் ராத்திரி பஸ்ல மணாலி. மூணு பேருக்குத் தனி வண்டி கட்டுப்படியாகாதுன்னு தங்குன எடத்துலயே விசாரிச்சதுல பெங்களூர்ப் பொண்ணுக ரெண்டு பேரும் திருச்சூர் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரும் சேந்தாங்க. ஆறு பேருக்கு ஒரு சுமோ. ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி போடுற மாதிரி வாடகை, டிரைவர் சாப்பாடு, ராத்திரி தங்குற கேம்புக்கு அட்வான்ஸ் எல்லாத்தையும் ஆறா வகுத்து நோட்டுல எழுதுனோம். யாருக்காவது முடியாமப் போனா என்ன பண்றதுன்னு மட்டும் ஒரு வார்த்தை பேசல.

வெயில் ஏற ஏற மேல பனி உருகி, மத்தியானத்துக்கு மேல ரோட்டுக்குக் குறுக்க ஓடுற ஓடையெல்லாம் பெருகிரும், அதனால டிரைவர் அண்ணே நாலரைக்கே வந்து கதவைத் தட்டிட்டாரு. அடல் டன்னல் 9 கிலோமீட்டரும் சொகுசு, கிராம்பூங்கிற ஊரைத் தாண்டுனா கல்லும் தண்ணியும்தான். நாங்க தங்கப் போன சந்திரதால் ஏரி 4,250 மீட்டருக்கு மேல இருக்கு, மணாலி 2,000 சொச்சம்தான், ஒரே நாள்ல ரெண்டு மடங்கு ஒசரம் ஏறிட்டோம்னு அப்ப எங்களுக்கு ஒறைக்கவே இல்ல. பையில இருந்த சிப்ஸ் பாக்கெட்டு பலூனாட்டம் உப்பி நின்னதைப் பாத்து போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தோம்.

ஏரியைப் பாத்துட்டு கேம்புக்கு வந்ததும் சித்தப்பா பேச்சு கொறைஞ்சுருச்சு. தலைவலின்னாக, அப்புறம் வாந்தி, ஷூ லேஸை அவுக்கக் குனிஞ்சவுக லேஸைப் புடிச்சபடியே உக்காந்துட்டாக, இழுக்கத் தெம்பு இல்ல. டிரைவர் பாத்தாரு, இது ஒசரம் ஒத்துக்காம வர்றது, இங்க ராத்திரி தங்குனா இன்னும் மோசமாகும், இப்பவே எறங்கணும்னாரு. வாத்தியார் அந்த ராத்திரி நட்சத்திரத்தைப் படம் புடிக்கிறதுக்குன்னே அவ்வளவு தூரம் வந்தவரு. ஒண்ணும் பேசாம ட்ரைபாடு காலை ஒவ்வொண்ணா மடக்குனாரு. பொண்ணுகள்ல ஒருத்தி மட்டும் நாங்களும் காசு குடுத்துருக்கோம்லன்னு கேட்டுச்சு. அந்தப் புள்ள மேல தப்பில்ல, முன்னாடியே பேசாதது எங்க தப்பு.

கீழ பாத்தல்ல ஒரு டாபா, ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை. பருப்பும் சோறும் போட்டு, ஆளுக்கு மூணு ரஜாய், பஞ்சு மெத்தைப் போர்வை, குடுத்தாங்க. நான் சீப்புச்சீடை டின்னைத் தொறந்து வச்சேன், டாபா அம்மா ஒண்ணு எடுத்து டீயில முக்கி முக்கித் தின்னுட்டு டின்னைத் தன் பக்கம் நகத்திக்கிட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல, சித்தப்பா மூச்சு விடுறதை எண்ணிக்கிட்டே கெடந்தேன். விடிஞ்சதும் “காப்பி கெடைக்குமாடா”ன்னு கேட்டாக பாருங்க, அப்பத்தான் உசுரு வந்துச்சு. குன்சும் கணவாயில டிரைவர் வண்டியோட கோயிலை ஒரு சுத்து சுத்துனாரு, நாங்க எறங்காமலே கும்பிட்டுட்டு ஸ்பிதியோட பெரிய ஊரான காஜாவுக்கு எறங்கிட்டோம். கேம்ப் அட்வான்ஸ் திரும்பி வரல. அந்த நஷ்டத்துக்குன்னு சித்தப்பா குடுத்த பணத்தை வாத்தியார் கையால தொடல.

கல்யாணத்துக்கே இசைகுடிமானம்னு ஒப்பந்தம் எழுதுற ஊரு நம்ம ஊரு, ஒரே வண்டியில மலை ஏறுறதுக்கு ஒரு தாள் எழுத மாட்டமா? ஒருத்தருக்கு முடியலன்னா கேள்வி இல்லாம எல்லாரும் எறங்கணும், நஷ்டம் தலைக்குச் சமமா, கையில ஒரு நாள் உபரி. இந்த மூணும் எழுதாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. போறப்ப ஷிம்லா வழியா கல்பா, நாகோ, தாபோன்னு தங்கித் தங்கிப் போங்க, ஒடம்பு பழகிரும். தாபோ புத்த மடம் 996ல கட்டுனது, அதுக்காகவே ஒரு நாள் நிக்கலாம். வர்றப்ப மணாலி பக்கம் எறங்கிக்கலாம்.

-----

அண்ணே, நீங்க எழுதுனதைப் படிச்சேன். நாங்க ஷிம்லா வழியாத்தான் போனோம், கல்பாவுல ரெண்டு ராத்திரி தங்குனோம், யாருக்கும் தலைவலி வரல. ஆனா திரும்பி வர்றப்ப நாகோ பக்கத்துல மாலிங் நாலாங்கிற ஓடையில மேலேருந்து கல்லு உருண்டுக்கிட்டே இருந்துச்சு. கூட வந்தவருக்கு மறுநாள் ரயிலு, போயிரலாம் போயிரலாம்னு டிரைவரை நச்சரிச்சாரு. டிரைவர் சாவியை எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டு பாறை மேல போய் உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரத்துல எங்க வண்டி போயிருக்க வேண்டிய எடத்துல ஆட்டுக்கல்லு தண்டி ஒண்ணு விழுந்து உருண்டு போச்சு, அதுக்கப்புறம் அவரு ரயில் பேச்சே எடுக்கல. உங்க தாள்ல இன்னொரு வரி சேத்துக்கங்க, நிக்கிறதா போறதாங்கிறது டிரைவர் முடிவு.

சித்தப்பா இப்ப நல்லா இருக்காகளா?