புதிதாகப் படம் எடுப்பவர் எடிட்டிங்கை எப்போது கற்க வேண்டும்?

பொங்கோல்வாசி: வணக்கம். கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகிறது. தைப்பூசத்தன்று விடியும் முன்பே சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போய், காவடி கட்டும் இடத்தில் முந்நூறு படம் எடுத்தேன். டியூப்லைட்டில் எல்லார் முகமும் பச்சையடித்துக் கிடக்கிறது, விபூதி பூசிய நெற்றி வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளுக்குச் சந்தா கட்டிக் கற்கலாமா, இல்லை முதலில் கேமராவைப் பழகலாமா?

தேக்கா அண்ணன்: சந்தாவை விடு தம்பி. ஒரு வருடம் கேமரா மட்டும் போதும். நெற்றி வெளுத்தது எக்ஸ்போஷர் பிழை, அதாவது கேமராவுக்குள் ஒளி அதிகமாக விழுந்துவிட்டது, அதை எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டும். நான் ஃபிலிமில் பழகியவன், ஒரு ரோலில் 36 படம்தான், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒளி எங்கிருந்து விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விரல் பட்டனுக்குப் போகும். எடிட்டிங் தெரிந்துவிட்டால் ‘அப்புறம் சரிசெய்யலாம்’ என்ற எண்ணம் வந்துவிடும், அந்தப் பழக்கம் ஒட்டினால் லேசில் போகாது.

ஈசூன் அக்கா: எனக்கு உடன்பாடில்லை அண்ணா. ஃபிலிம் காலத்தில் கழுவுகிற கடைக்காரர் நிறத்தைத் திருத்தித்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், அந்த வேலையை உங்களுக்காக வேறொருவர் செய்தார். இன்று ஜேபெக்கில், அதாவது சுருக்கிய படக் கோப்பாக எடுத்தால் கேமராவே செய்கிறது. தம்பி, நீ எடுத்தது ராவா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு), ஜேபெக்கா? ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 வெளிச்சப் படிதான், 14 பிட் ராவில் 16,384. லேசாக வெளுத்த நெற்றியை ராவிலிருந்து ஓரளவு மீட்கலாம், பச்சையையும் பின்னால் மாற்றலாம்.

தேக்கா அண்ணன்: முழுதாக வெளுத்தால் ராவிலும் போனது போனதுதான். சரி, என் கவலை வேறு. சொந்தக்காரப் பெண்ணின் கல்யாண ஆல்பம் வந்தது. பெண் நல்ல கறுப்பு, களையான முகம். ஆல்பத்தில் முகம் மட்டும் பால்போல வெளுத்து, மருதாணி வைத்த கை பழைய நிறத்திலேயே இருந்தது. அவளுடைய பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டி, ‘இது யாரு?’ என்று கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. எடிட்டிங் படித்த ஒருவர் செய்த வேலை இது!

ஈசூன் அக்கா: இதைக் கேட்டு எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அது அரைகுறையாகப் படித்ததன் விளைவு. நம் தோலின் நிறம் பெரும்பாலும் மென்பொருளின் ஆரஞ்சு ஸ்லைடரில்தான் அகப்படும், அதன் லுமினன்ஸை, அதாவது அந்த நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் தோல் வெளுக்கும், பக்கத்திலிருக்கிற சந்தனமும் தங்கமும் சேர்ந்து சோகையாகும். ஒரே அழுத்தில் படத்தை மாற்ற விலைக்கு வாங்கும் ப்ரீசெட்டுகள் பலவற்றில் இந்த ஏற்றம் உள்ளேயே இருக்கிறது. அழுத்துகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நான் அம்மா பூத்தொடுக்கும் படத்தைத் திருத்தியபோது ஆரஞ்சைத் தொடவே இல்லை. திருத்தம் மற்ற இடத்தில் படாதபடி முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றினேன், கன்னத்துப் பளபளப்பு அப்படியே நின்றது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

கறுப்புவெள்ளை: முந்நூறில் பத்தைத் தேர்ந்தெடு தம்பி, முதல் எடிட்டிங் அதுதான். சந்தா வேண்டாமென்றால் டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம், ஆரம்பத்தில் கொஞ்சம் மிரட்டும். 25 வயது நிரம்பிய சிங்கப்பூரர் என்றால் பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி இருக்கிறதா என்று பார், அதற்குத் தகுதியான வகுப்பில் சேரலாம்.

பொங்கோல்வாசி: இப்போதுதான் பார்த்தேன், ஜேபெக்கில்தான் எடுத்திருக்கிறேன். ராவுக்கு மாற்றிவிட்டேன். பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனித மரம் கோயிலில் மறுபடி எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

ஈசூன் அக்கா: ரா ஃபைல் பெரிது, மெமரி கார்டு இன்னொன்று வைத்துக்கொள். எடிட் செய்யும்போது, எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் வைட் பேலன்ஸ் பிப்பெட்டை யாராவது கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியின் நிழல் மடிப்பில் வை, முற்றாக வெளுத்த இடத்தில் வைத்தால் நிறம் சரியாக வராது.

தேக்கா அண்ணன்: ரா நல்லதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வருடக் கணக்கை நான் மாற்றவில்லை. கேமராவில் வெளுத்த இடத்தை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுக்கொள், ஸ்கிரீனில் நெற்றி மினுக்கினால் அங்கேயே எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒளியின் அளவு) குறைத்து இன்னொன்று எடு. நானும் வருகிறேன், ஸ்கிரீனை நேரில் காட்டு.