கோபுரத்தின் குரலைக் காரிலிருந்து கேட்டவர்கள்: அனுபவப் பகிர்வு

வேலியோரத்தான்:
அமெரிக்காவில் சிறிய விமான நிலையம் ஒன்றின் பார்வையாளர் நிறுத்தத்தில், வேலிப் பலகையில் குறித்திருந்த எஃப்.எம். எண்ணைக் காரில் வைத்ததும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று ஓடுபாதையை ஏறக்குறைய எட்டிவிட்ட வேளையில், 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மேலேறிச் சுற்றி வா) என்றார் கோபுரத்திலிருந்த பெண் அதிகாரி. விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் இரைச்சல் கூடி, விமானம் மூக்கை நிமிர்த்தி மேலேறிவிட்டது. முன்னே இறங்கிய விமானம் அப்போதும் ஓடுபாதையை விட்டு விலகியிருக்கவில்லை. இருவர் குரலிலும் பதற்றம் துளியும் இல்லாதது இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

அலைவரிசை:
கார் வானொலி விமானியின் பேச்சை நேரே பிடிக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏ.எம். முறையில் நடக்கிறது, நம் எஃப்.எம். 108-இலேயே முடிந்துவிடுகிறது. நிலையத்தார் அதை வாங்கி, திறன் குறைந்த எஃப்.எம். கருவி வழியே மறு ஒலிபரப்புச் செய்கிறார்கள். உரிமமில்லாத கருவிக்கு அமெரிக்க விதிப்படி கிடைக்கும் வீச்சு ஏறத்தாழ 200 அடிதான் என்பதால், நிறுத்தத்தைத் தாண்டியதும் குரல் மங்கிவிடும். டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் நிலையத்தில் விமானங்களைப் பார்ப்பதற்கான திடலான ஃபவுண்டர்ஸ் பிளாசாவில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்; அங்கே நான் ஆவலோடு காத்திருந்த பதிலை விமானம் எழும்பிய இரைச்சல் விழுங்கிவிட்டது. ஆகவே காரே மேல்.

மேலைக்காற்று:
அலைவரிசை அவர்களின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அதே பிளாசாவில் இரு விமானிகள் ஒரே நேரத்தில் பேசியதால் ஒலிபெருக்கி கிறீச்சிட்டபோது, அருகில் நின்ற முதியவர் என் மகளுக்கு அதன் காரணத்தை விளக்கினார். எஃப்.எம். முறையில் வலுத்த குரல் மெலிந்த குரலை முழுவதும் மறைத்துவிடும், ஏ.எம். முறையிலோ இரண்டும் மோதும் சத்தம் கோபுரத்துக்கு எட்டுவதால், மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க முடிகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தால் அந்த விளக்கம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஏ, பி என்ற எழுத்துகளை விமானிகள் சொல்லும் 'ஆல்ஃபா, பிராவோ' எழுத்துப் பட்டியலை அச்சிட்டுக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஒன்பதை 'நைனர்' என்பார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் வானொலி கேட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் இடையிடையே நிறுத்திவையுங்கள். பிரிட்டன் செல்வோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அனுமதியின்றி இப்பேச்சைக் கேட்பதே சட்டப்படி குற்றம்.