வேண்டுமென்றே வாங்கிய பெனால்டி: நீங்கள் பார்த்த ஆட்டங்களைச் சொல்லுங்கள்

கொலம்பஸ்வாசி:

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை இரவு. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓஹயோ ஸ்டேட் – ஓரிகன் ஆட்டம். யூஜீனில் உள்ள ஆட்சென் ஸ்டேடியத்தில் நடந்தது. வீட்டில் டிவி முன்னால் நான், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பையன், பக்கத்து வீட்டுக் குடும்பம். ஓரிகன் 32, நாங்கள் 31. பத்து நொடி மிச்சம். பந்து எங்களிடம், ஓரிகனின் 43 யார்டு கோட்டில். இன்னும் கொஞ்சம் முன்னேறினால் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடித்துவிடலாம்.

ஓரிகன் டைம் அவுட் எடுத்தது. அப்புறம் ஸ்னாப், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் நொடி. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) வில் ஹோவர்டு வீசிய பந்தை யாரும் பிடிக்கவில்லை. உடனே ஃபௌலைக் காட்டும் மஞ்சள் கொடி. ஓரிகன் பக்கம் 11 பேருக்குப் பதில் 12 பேர் நின்றிருக்கிறார்கள், ஐந்து யார்டு பெனால்டி. எல்லோரும் கை தட்டினோம். பையன் மட்டும் தட்டவில்லை. "அப்பா, கடிகாரத்தைப் பாருங்க" என்றான். ஆறு நொடிதான் இருந்தது. ஐந்து யார்டு கிடைத்தது, போன நான்கு நொடி திரும்பி வரவில்லை. அடுத்த முயற்சியில் ஹோவர்டு பந்தோடு ஓடி, சறுக்கி உட்கார்ந்தபோது கடிகாரம் பூஜ்யம்.

விருந்தாளிகள் போன பிறகு பையன் அந்த இடத்துக்கே ரீவைண்ட் செய்து நிறுத்தினான். டிவிக்கு அருகே போய், திரையில் விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணினான். பன்னிரண்டு. இன்னொரு தடவை எண்ணினான்.

பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை மறிக்க ஒரு ஆள் கூடுதலாக நின்றால் பந்து போக வழி இருக்காது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஐந்து யார்டு மட்டும். இரண்டு நாள் கழித்து ஓரிகன் கோச் டான் லானிங், இது தாங்கள் பயிற்சி செய்து வைத்திருந்த விஷயம்தான் என்கிற மாதிரி பேசினார். அந்தப் புதன்கிழமையே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதிக்குப் புது விளக்கம் கொடுத்தது: கடைசி இரண்டு நிமிடத்தில் டிஃபென்ஸ் (தடுக்கும் அணி) 12 பேரோடு ஆடினால், ஸ்னாப் நேரத்தில் இருந்த நொடிகளைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். பாதி சீசனில், நான்கே நாளில் செய்தார்கள். ஜனவரி 1 அன்று பிளேஆஃப் ஆட்டமான ரோஸ் பௌலில் 41–21 என்று ஓரிகனை ஜெயித்தோம், தேசிய சாம்பியனும் ஆனோம். ஆனாலும் அந்த நான்கு நொடி எனக்கு இன்னும் ஆறவில்லை.

லானிங் மேல் எனக்குக் கோபம் இல்லை. இது ஏமாற்றா, சாமர்த்தியமா என்று வீட்டில் இன்றும் பேச்சு ஓடுகிறது. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பால்டிமோர் பறவை:

நான் ஸ்டேடியத்திலேயே இருந்தேன் நண்பரே. 2016 நவம்பர் 27, தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் எங்கள் ரேவன்ஸ் – பெங்கால்ஸ். 19–12 என்று நாங்கள் முன்னிலை. பதினொரு நொடி இருக்கும்போது நாங்கள் பண்ட் அடிக்க, அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுக்க, வேண்டிய நிலை. பண்டர் சாம் காக் பந்தை வாங்கினார், உதைக்கவில்லை. பின்னால் எங்கள் எண்டு சோனுக்குள் (மைதானத்தின் கடைசிப் பகுதி) போய்ச் சும்மா நின்றார்.

என் கண் முன்னால் நடந்தது. பந்தின் பக்கம் பார்வை போகவில்லை, வரிசையில் நடந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் ஆளுக்கு ஒரு பெங்கால்ஸ் வீரரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார், ஒருவர் ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் இழுத்தார். மறைக்கக்கூட யாரும் முயற்சி செய்யவில்லை. மறைக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் விஷயம். இப்படிப் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங் ஃபௌல் எண்டு சோனில் நடந்தால் தண்டனை சேஃப்டி, அதாவது எதிரணிக்கு இரண்டு பாயிண்ட். ஏழு பாயிண்ட் முன்னால் இருப்பவனுக்கு இரண்டு போனால் என்ன? டிஃபென்ஸ் ஃபௌல் செய்தால்தான் ஆட்டம் நீளும், பந்து வைத்திருப்பவன் செய்தால் நேரம் முடிந்தது முடிந்ததுதான். காக் பூஜ்யம் வரும்வரை நின்றுவிட்டு வெளியே காலை வைத்தார். அதுவும் சேஃப்டி, 19–14.

கோச் ஜான் ஹார்பாவுக்கு இது புதிதும் இல்லை. 2013 பிப்ரவரியில் தம்பி ஜிம் ஹார்பாவின் 49ers அணிக்கு எதிரான சூப்பர் பௌலில், 12 நொடி இருக்கும்போது இதே காக் எண்டு சோனில் எட்டு நொடி ஓடிக் கழித்தார். அன்றும் முன்வரிசை அப்பட்டமாக ஹோல்டிங் செய்தது. 34–29 என்றிருந்தது 34–31 ஆனது, கோப்பை எங்களுக்கு வந்தது.

2017-ல் விதி வந்தது: கடிகாரத்தை ஓட்டுவதற்காக ஒரே முயற்சியில் பல பேர் ஃபௌல் செய்தால் 15 யார்டு தண்டனை, போன நேரமும் திரும்ப வரும். நான் ரேவன்ஸ் ரசிகன்தான், ஆனால் அந்த விதி வந்தது சரி என்றே சொல்வேன். அன்று நான் கத்திக் கொண்டாடினேன். பக்கத்து இருக்கையில் பெங்கால்ஸ் சட்டை போட்ட ஒரு பெரியவர் எழுந்திருக்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் மறக்கவில்லை.

பாஸ்டன் குளிர்:

எங்கள் கதை இதைவிடக் கசப்பு, ஏனென்றால் வழியைக் காட்டியதே நாங்கள்தான்.

2019 அக்டோபரில் எங்கள் பேட்ரியட்ஸ் ஜெட்ஸை 33–0 என்று அடித்த திங்கட்கிழமை ஆட்டம். பண்ட் அடிக்கப் போகும்போது எங்கள் கோச் பில் பெலிசிக் வேண்டுமென்றே டிலே ஆஃப் கேம் (நேரத்துக்குள் ஸ்னாப் செய்யாத தவறு) வாங்கினார், அப்புறம் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன்பே அசைவது). ஒவ்வொன்றுக்கும் தண்டனை ஐந்து யார்டுதான். ஆனால் அன்றைய விதிப்படி, நடுவர் விசில் ஊதியதும் ஆட்டக் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கிவிடும், ஸ்னாப் வரை காத்திருக்காது. நான்காவது குவார்ட்டரின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை இப்படித்தான். பந்தைத் தொடாமலே நேரத்தைத் தின்னலாம். இந்த ஓட்டையை அடைத்துவிடுவார்கள், அடைக்கவும் வேண்டும் என்று பெலிசிக்கே அப்போது சொன்னார்.

அடைப்பதற்குள் ஜனவரி வந்துவிட்டது. 2020 ஜனவரி 4, பிளேஆஃப், டென்னசி டைட்டன்ஸ் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். 14–13 என்று அவர்கள் முன்னிலை, நான்காவது குவார்ட்டரில் ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சம். அவர்களுக்குப் பண்ட். கோச் மைக் வ்ரேபல். பெலிசிக்கிடம் எட்டு சீசன் ஆடியவர். டிலே ஆஃப் கேம். நடுவர் பந்தைப் பின்னால் வைத்தார், கடிகாரம் ஓடியது. அப்புறம் ஃபால்ஸ் ஸ்டார்ட், மறுபடி ஓடியது. போதாததற்கு எங்கள் ஆள் ஒருவர் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டினார். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கரைந்துபோனது. பெலிசிக் பக்கக் கோட்டில் நின்று நடுவரைப் பார்த்துக் கத்துவதை டிவியில் காட்டினார்கள். என் அறையில் யாரும் பேசவில்லை. அக்டோபரில் அதே வேலைக்கு நாங்கள் எப்படிக் கை தட்டினோம் என்று எல்லோருக்கும் நினைவு இருந்தது.

அந்த ஆட்டம் 20–13 என்று முடிந்தது. பேட்ரியட்ஸ் சட்டையில் எங்கள் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி வீசிய கடைசிப் பந்தை டைட்டன்ஸின் லோகன் ரயன் பறித்துக்கொண்டு எண்டு சோனுக்குள் போய் டச் டவுன் போட்டார். அவரும் எங்கள் பழைய ஆள். 2020-ல் லீக் அந்த ஓட்டையை அடைத்தது.

செயின் பிடிப்பவர்:

நான் டாலஸ் பக்கம். பையன் படிக்கும் ஹைஸ்கூல் ஆட்டங்களில் பெற்றோர்கள் பக்கக் கோட்டில் தூரம் அளக்கும் செயின் பிடிப்போம். எத்தனையாவது டவுன் (முயற்சி) என்று காட்டும் கம்பு என் கையில்.

ஒரு வெள்ளி இரவு, நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி. விருந்தினர் அணி எங்களுடைய 38 யார்டு பக்கத்தில். அவர்கள் கோச் என்னிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறார். "விடு, ஓடட்டும்" என்று பையன்களிடம் மெதுவாகச் சொன்னார். வேண்டுமென்றே டிலே ஆஃப் கேம். ஐந்து யார்டு பின்னால் போனால் பண்டருக்கு இடம் கிடைக்கும், பந்தை எண்டு சோனுக்குள் போகவிடாமல் மூலையில் இறக்கலாம். கொடி விழுந்ததும் நான் கம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாரானேன். எங்கள் கேப்டன், 17 வயதுப் பிள்ளை, நடுவரிடம் தலையாட்டி "வேண்டாம்" என்றான். பெனால்டியை ஏற்கவில்லை! நான் அதே இடத்தில் நின்றேன். உதைத்த பந்து நேரே எண்டு சோனுக்குள் போய்விட்டது, எங்களுக்கு 20 யார்டு கோட்டில் பந்து. அந்தப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவருக்கு என் வணக்கம்.

ஃபிலி அக்கா:

2025 ஜனவரி 26, ஈகிள்ஸ் – கமாண்டர்ஸ். எண்டு சோன் கோட்டுக்கு ஒரு யார்டுகூட இல்லாத இடத்தில் எங்கள் ஈகிள்ஸ் ஆட்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைத் தள்ளி உள்ளே அனுப்பப் பார்க்கிறார்கள். கமாண்டர்ஸின் ஃபிராங்கி லூவு ஸ்னாப்புக்கு முன்பே வரிசைக்கு மேலே பாய்கிறார். பெனால்டி, மிச்ச தூரத்தில் பாதி. மறுபடி பாய்கிறார், மறுபடி பாதி. பாதியில் பாதி என்பது அங்குலக் கணக்கு, அவர்களுக்கு நஷ்டமே இல்லை. கடைசியில் நடுவர் மைக்கில் அறிவித்தார்: இது தொடர்ந்தால் ஸ்கோரை நாங்களே கொடுத்துவிடலாம் என்று அணிக்கு எச்சரிக்கை தரப்பட்டுள்ளது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு அறிவிப்பை நான் கேட்டதில்லை. பழைய விதிதான், புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப வேண்டிய நேரம் அதுதான். அடுத்து ஹர்ட்ஸ் உள்ளே போனார்.

கொலம்பஸ்வாசி:

அக்கா, நீங்கள் சொன்னதைப் பையனிடம் படித்துக் காட்டினேன். அவன் இப்போது பள்ளி அணியில் கார்னர்பேக், ரிசீவரை மறிப்பவன். போன சீசனில் கோச் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்: ரிசீவர் உன்னைத் தாண்டிவிட்டான், பந்து வருகிறது என்றால் அவனைக் கட்டிப் பிடி. என்எஃப்எல்லில் என்றால் ஃபௌல் நடந்த இடத்திலேயே பந்தை வைத்துவிடுவார்கள், அது 40 யார்டானாலும் சரி. பள்ளியிலும் கல்லூரியிலும் இப்படிப் பிடிக்கும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் ஃபௌலுக்கு 15 யார்டுக்கு மேல் கிடையாது. டச் டவுனை விட 15 யார்டு மலிவு.

அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் அப்படியே செய்தான். கொடி விழுந்தது, டச் டவுன் விழவில்லை, நாங்கள் ஜெயித்தோம். எல்லோரும் அவன் தோளில் தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கராஜுக்குள் காரை நிறுத்தியதும், கேட்காமலே சொன்னான்: "பந்து கரெக்டா அவன் கையிலதான்பா இறங்கியிருக்கும்."