கேட்டகரி 1 தானே என்று விட்ட புயல்: ஹூஸ்டன் ஆபீஸ் அனுபவங்கள்

கிளினிக் அக்கா:
ஜூன் 1 வந்தால் ஹரிகேன் சீசன் தொடங்கிவிடும், நவம்பர் 30 வரை ஓடும். உங்கள் வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள், நான் ஆரம்பிக்கிறேன்.

2024 ஜூலை 8, பெரில் புயல். "கேட்டகரி 1 தானே, மதியம் திறந்துடலாம்" என்றுதான் எங்கள் குழந்தைகள் கிளினிக்கில் பேச்சு. கட்டடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை, ஆனால் மரங்கள் கம்பி மேல் சாய்ந்து ஊர் முழுக்க 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனதில் எங்களுடையதும் ஒன்று. தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும், வெளியே ஜூலைப் புழுக்கம். கதவை யாரும் திறக்காதபடி டேப் ஒட்டிவிட்டு, பேட்டரி தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். 6.4... 6.9... 7.3. அதற்கு மேல் பொறுக்காமல், ஜெனரேட்டர் உள்ள இன்னொரு கிளினிக்குக்குக் கொண்டு போனோம். ஐஸ் கட்டியை அப்படியே பக்கத்தில் வைத்துவிடக் கூடாது, உறைந்துபோனால் பல தடுப்பூசிகள் குப்பைதான். இப்போது அந்த கிளினிக்கோடு எழுத்தில் ஒப்பந்தமே இருக்கிறது.

கேட்டிவாசி:
அக்கா, அந்த கேட்டகரி எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். மழையையோ கடல் ஊருக்குள் ஏறுவதையோ அதில் பார்க்க முடியாது. ஹார்வி புயல் 2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சஸ் கரையில் ராக்போர்ட் பக்கம் கேட்டகரி 4 ஆகக் கரையேறியது. ஹூஸ்டனை மூழ்கடித்தபோது அது ஹரிகேனே இல்லை, கேட்டகரி 1-க்கும் கீழே வரும் வெறும் டிராபிகல் ஸ்டார்ம்! தள்ளிக்கொண்டு போக மேல்காற்று இல்லாமல் நின்ற இடத்திலேயே மெக்சிகோ வளைகுடாத் தண்ணீரை இறைத்தது. டெக்சஸில் இருக்கும் நெடர்லாந்து ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது.

எங்கள் குடோன் பார்க்கர் அணைக்குப் பின்னால், தண்ணீர் தேங்கும் பக்கம். மழை ஓய்ந்து வரும்போதும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, கீழ்த்தட்டுச் சரக்கு மொத்தமும் போச்சு. முதலாளி இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் வெள்ளம் அதில் சேர்த்தியே இல்லை. வெள்ள பாலிசி தனியாக எடுக்க வேண்டும், அரசுத் திட்டத்தில் சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். டிவியில் புயல் வருவதைப் பார்த்துவிட்டு பாலிசி எடுக்கப் போனால் கதை முடிந்தது.

மெட்சென்டர் தம்பி:
2001 ஜூனில் அலிசன், அதுவும் டிராபிகல் ஸ்டார்ம்தான். ஹூஸ்டன் மெடிக்கல் சென்டர் ஆஸ்பத்திரிகளில் தரைக்குக் கீழுள்ள தளங்கள் மூழ்கி, நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றும் நிலை. அதன் பிறகுதான் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பது போன்ற கனத்த கதவுகளெல்லாம் வந்தன. ஹார்வியில் அவை தாங்கின.

இன்னொன்று, வானிலைப் படத்தில் வரும் அந்தக் கூம்பு புயலின் மையம் போகக்கூடிய பாதை மட்டும்தான், மழையும் காற்றும் அதற்கு வெளியேயும் வரும். கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று லீவு அறிவிக்காமல் இழுத்தடிக்கும் மேனேஜர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கிளினிக் அக்கா:
புயலின்போது உள்ளேயே தங்கும் ரைட் அவுட் டீமை எப்படிப் பிடிக்கிறீர்கள் தம்பி? எங்களிடம் ஆளே சிக்குவதில்லை.

மெட்சென்டர் தம்பி:
மே மாதமே பெயர் எழுதி வாங்கிவிடுவோம் அக்கா. கைக்குழந்தை, வயதான அம்மா அப்பா வீட்டில் இருப்பவர்களை, புயல் போன பிறகு வந்து மாற்றிவிடும் இரண்டாவது டீமில் போடுவோம். புயல் வளைகுடாவுக்குள் நுழைந்த பிறகு கேட்டால் எல்லோருக்கும் டல்லாஸில் ஒரு மாமா வீடு இருக்கும்.