ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வந்த சிவப்பு விளக்கு அபராதம்: வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் தம்பி தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். சென்ற மாதம் நள்ளிரவில், மாரடைப்பு ஏற்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு, சைரனும் சுழல்விளக்கும் இயங்க, ஒரு சந்திப்பில் வேகத்தைக் குறைத்து இருபுறமும் பார்த்த பிறகே சிவப்பு விளக்கைக் கடந்தார். ஆனால் கேமரா பதிவை வைத்து இ-சலான் வந்துள்ளது.

உயிர்காக்கும் அவசரத்தில், சைரனும் பலவண்ண விளக்கும் இயங்கும் நிலையில், உரிய எச்சரிக்கையுடன் சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அனுமதிக்கின்றன. அவசர வாகனத்துக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 194இ (194E) பிரிவு இருக்கும்போது, வழி கேட்டுச் சென்றவரே அபராதம் கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

அவரிடம் டிரிப் ஷீட்டும் நோயாளியைச் சேர்த்ததற்கான மருத்துவமனைச் சீட்டின் நகலும் உள்ளன. ஆட்சேபத்தை இணையவழியில் தெரிவித்தால் போதுமா, போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்கு நேரில் செல்ல வேண்டுமா? சைரன் ஒலித்ததை எவ்வாறு நிரூபிப்பது? நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகையில் இச்சலுகை பொருந்தாது என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அடுத்த அழைப்புக்கு விரையும்போதும் அப்படித்தானா? இத்தகைய அபராதத்தை ரத்து செய்யவைத்த ஓட்டுநர்களோ வழக்கறிஞர்களோ இருந்தால், தயவுசெய்து பதிலளியுங்கள்.