மறு: எண்டோஸ்கோப்பி பலூன் டைலட்டேஷன், தமிழில் என்ன?

வணக்கம். நோயாளிகள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். உணவுக்குழாயோ குடலோ சுருங்கிப்போன இடத்துக்கு எண்டோஸ்கோப்பி வழியே சுருட்டிய பலூனைக் கொண்டுபோய், உப்பவைத்து, அந்த இடத்தை அகலமாக்குகிறோம். 'அகநோக்கிவழி பலூன் விரிவாக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

---

டாக்டர், 'விரிவாக்கம்' என்றால் சாலையும் அமைச்சரவையும்தான் நினைவுக்கு வரும். 'விரிவு' தன்வினைப் பெயர், மூச்சுக்குழல் தானே விரிந்து கெடும் நோய்க்கு அதைக் கொடுத்தாயிற்று. பிறவினையில் 'விரிப்பு' என்று போனால் கட்டிலில் போடுவது. ஆகவே 'அகட்டல்'. காலை அகட்டி நில் என்கிறோமே, அதுதான். கூடுதல் பொருத்தம், அகடு என்றாலே வயிறு. சூது அதிகாரத்தில் 'அகடாரார் அல்லல் உழப்பர்' என்கிறாரே வள்ளுவர்! அகம், அகடு, அகழ், அகல் எல்லாம் ஒரே வேர்தான். பலூனும் வேண்டாம், 'ஊதுபை' போதும்.

---

> எல்லாம் ஒரே வேர்தான்

ஒலி ஒத்துப்போவதைத் தவிர வேறு சான்று உண்டா ஐயா? இப்படியே போனால் அகடவிகடமும் வயிற்றுக்கோளாறு ஆகிவிடும்.

---

ஊதுபை பொருந்தாது ஐயா. எண்டோஸ்கோப்பின் உள்வழியே போகும் பலூனில் பெரும்பாலும் தண்ணீரைத்தான் ஏற்றுகிறோம், அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே. அக்கலேசியாவுக்கு (உணவுக்குழாயின் கீழ்வாய் தளராமல் இறுகியே இருக்கும் நோய்) வைக்கிற 30, 35, 40 மி.மீ. பலூன்களில்தான் காற்று. எக்ஸ்ரே திரையில் பலூனின் நடுவே இடுப்பு போல ஒடுங்கித் தெரியும், அது மறைகிறதா என்று பார்ப்போம். என் கவலை பெயரில் இல்லை, 'பெர்ஃபொரேஷனில்', அதாவது குழாயின் சுவரில் ஓட்டை விழுவதில், இருக்கிறது. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் கடும் நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்துத் தோலை அழுத்தினால் உள்ளே காற்று நறநறக்கும், அவசர அறுவைசிகிச்சை வரை போகலாம். ரத்தக்கசிவும் உண்டு. பித்தநாள வாயை விரித்தால் கணைய அழற்சி வரலாம்.

---

பெர்ஃபொரேஷனுக்கு 'ஊறுதுளை'?

---

ஊறுதுளை என்றால் தண்ணீர் ஊறுகிற துளையா? துளை என்றாலே யாரோ வேண்டுமென்று போட்டது மாதிரி இருக்கிறது. 'குழாய்ச் சுவர் கிழிதல்' என்று எழுதுங்கள் டாக்டர், படித்த உடனே பயம் வரும், வரத்தான் வேண்டும். அப்புறம், பலூன் என்றதும் பாதிப்பேர் இதயத்துக்கு வைப்பது என்றே நினைக்கிறார்கள், நான் மொழிபெயர்த்த படிவங்களிலேயே இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. எந்த உறுப்பு என்பது பெயரிலேயே இருக்கட்டும்.

---

'உணவுக்குழாய்ச் சுருக்கத்தைப் பலூனால் அகலப்படுத்துதல்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். சுருக்கம் திரும்ப வரலாம், பலமுறை செய்ய நேரலாம் என்றும் சேர்த்தேன். கிழிதல், கிழிதலாகவே. எல்லோருக்கும் நன்றி.

---

அது சொல் அன்று, விளக்கவுரை. அகட்டல் நிலுவையில் இருப்பதாகக் குறித்துக்கொள்ளவும். 'பித்தநாள வாய்' என்றீர்களே, ஆறு கடலில் கலக்கும் இடம் முகம்தானே, இது மட்டும் ஏன் வாய்? தனி இழை தொடங்குகிறேன்.